புறங்கால் தாங்கும் சுமை: நீரிழிவாளரிடம் தொழுகைத் தோல்மாற்றங்கள்

1. பொருளும் எல்லையும்

நீரிழிவாளரின் பாதத்தைச் சோதிப்பவர் முதலில் பார்ப்பது உள்ளங்காலை. உடலின் சுமை இறங்கும் இடம் அது என்பதால் இம்முறை சரியானதே. ஆனால் நாள்தோறும் ஐந்து வேளை தொழுபவருடைய சுமை உள்ளங்காலோடு நின்றுவிடுவதில்லை. தொழுகையின் சில நிலைகளில் புறங்கால் தரையில் படிகிறது, உள்ளங்கால் மேல்நோக்குகிறது. சுமை தாங்குவதற்கென அமையாத தோல் அப்போது சுமை தாங்குகிறது. அந்தத் தோலில் ஆண்டுக்கணக்கில் விளையும் மாற்றங்களையும், நீரிழிவு வந்து சேரும்போது அவை கொள்ளும் வேறு பொருளையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

நாம் முதன்மையாக மனத்தில் கொள்வது தமிழ்நாட்டு முஸ்லிம்களை. காயல்பட்டினம், கீழக்கரை, நாகூர் முதலிய கடற்கரை ஊர்களில் ஷாஃபிஈ மத்ஹபும் (இஸ்லாமியச் சட்டநெறி), உள்நாட்டு ராவுத்தர்களிடையே ஹனஃபி மத்ஹபும் பெருவழக்கு. இரண்டுக்கும் இடையே தொழுகையின் இருப்பு முறையில் ஒரு சிறு வேறுபாடு உண்டு. அது தோலிலும் பதிகிறது என்பதால் பின்னர் விரித்துரைப்போம். 2023-இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நாடு தழுவிய கணக்கெடுப்பு, இந்தியாவில் பெரியவர்களில் 11.4 விழுக்காட்டினருக்கும் தமிழ்நாட்டில் 14.4 விழுக்காட்டினருக்கும் நீரிழிவு இருப்பதாகக் காட்டியது. ஏறத்தாழ ஏழு பேருக்கு ஒருவர் என்னும் இந்த அளவில், பள்ளிவாசலின் ஒவ்வொரு வரிசையிலும் நீரிழிவாளர் நிற்கிறார் என்று கொள்வதில் மிகையில்லை.

இனிச் சொற்பொருள். தொழுகையின் அசைவுகளாலும் இருப்புகளாலும், எலும்பு மேலெழுந்து நிற்கும் இடங்களில் அழுத்தமும் உராய்வும் திரும்பத் திரும்பப் பட்டு விளையும் நீடித்த மாற்றத்தைத் 'தொழுகைத் தோல்மாற்றம்' என்கிறோம். இது விசைவழி மாற்றம். தொழுகைக்கு முன் நிகழும் ஒளுவின் நீராலும், வெறுங்காலோடு நடக்கும் தரையின் வெப்பத்தாலும் வருவன இதனின் வேறானவை. எனினும் ஒரே பாதத்தில் ஒன்றாகக் காணப்படுவதால் துணைவகைகளாகச் சேர்த்துக்கொள்கிறோம்.

'காய்ப்பு' என்பது மண்வெட்டி பிடித்தவர் கை காய்த்துப்போவதைக் குறிக்க நம் மக்கள் ஆளும் சொல். தோலின் மேலடுக்கான கொம்புப் படலம் அடர்ந்து தடித்துக் கெட்டியாகும் நிலையை அதைவிடத் துல்லியமாகச் சொல்ல வேறு சொல் தேவையில்லை. தோலின் இயல்பான கோடுகள் ஆழ்ந்து, தோல் பதனிட்டது போலாகும் நிலை 'வரைத்தடிப்பு'. காய்ப்பில் கோடுகள் மழுங்கும், வரைத்தடிப்பில் கூர்மையாகும்; விரலால் தடவியே இரண்டையும் பிரித்தறியலாம். ஊறு நேரும் முன்பே உடலை விலகச்செய்யும் அளவுக்குத் தொடுவுணர்வும் வலியுணர்வும் இருப்பதைக் 'காப்புணர்வு' என்போம்.

ஒரு விலக்கையும் இங்கேயே கூறிவிட வேண்டும். நீரிழிவாளர் இரு உள்ளங்கைகளையும் கூப்பும்போது விரல்கள் முழுதும் ஒட்டாமல் இடைவெளி விடுவதை மருத்துவ நூல்கள் 'வணக்கக் குறி' என்ற பொருளில் குறிக்கும். மூட்டுகள் இறுகுவதன் அடையாளம் அது. கைகூப்பும் வடிவத்தால் வந்த பெயரன்றி வழிபாட்டால் வந்த நோயன்று. பெயரொற்றுமை கண்டு நம் பொருளோடு குழப்பிக்கொள்ளலாகாது.

2. தொழுகையின் விசையியல்

தோலில் விளைவதைக் கணிக்க வேண்டுமானால் தொழுகையை எண்ணிப் பார்க்க வேண்டும். கடமையான ஃபர்ளு தொழுகை சுபுஹில் 2, லுஹரில் 4, அஸரில் 4, மஃரிபில் 3, இஷாவில் 4 ஆக நாளொன்றுக்கு 17 ரக்அத், அதாவது தொழுகைச் சுற்று. ஒவ்வொரு ரக்அத்திலும் நெற்றி நிலம்பட விழும் சஜ்தா இரண்டு என்பதால் 34 சஜ்தா. ஓராண்டுக்கு இது 12,410. நாற்பதாண்டுத் தொழுகைக்கு ஏறத்தாழ ஐந்து இலட்சம். ஃபர்ளுடன் வழக்கமாகத் தொழப்படும் சுன்னத்து ஹனஃபி முறையில் 12 ரக்அத்தும் ஷாஃபிஈ முறையில் 10 ரக்அத்தும் ஆகும். ரமளான் இரவுகளில் தராவீஹ் 20 ரக்அத் தொழுபவருக்கு அந்த ஒரு தொழுகையிலேயே 40 சஜ்தா கூடும்.

சஜ்தாவில் ஏழு உறுப்புகள் தரையில் படிய வேண்டும்: மூக்கோடு சேர்ந்த நெற்றி, இரு உள்ளங்கைகள், இரு முழங்கால்கள், இரு பாதங்களின் விரல்கள். இறங்கும்போது நம் இரு மத்ஹபுகளிலும் முழங்கால் முந்துகிறது, பிறகு கை, பிறகு நெற்றி. ஆகவே இறங்கும் உடலின் முதல் தாக்கு முழங்காலுக்கே. வயது ஏறித் தொடைத்தசை தளரும்போது அத்தாக்கு பலக்கிறது.

இருப்பு நிலைதான் நம் ஆய்வின் நடுப்புள்ளி. இரு சஜ்தாக்களுக்கு இடையில் ஒரு சிற்றிருப்பு உண்டு. அத்தஹிய்யாத்து ஓதும் இருப்பு சுபுஹில் ஒன்று, மற்ற நான்கு தொழுகைகளிலும் இரண்டிரண்டு. ஃபர்ளில் மட்டும் சிற்றிருப்பு 17, அத்தஹிய்யாத்து இருப்பு 9, மொத்தம் 26. இவ்விருப்பின் பொதுவடிவம் 'இஃப்திராஷ்'. இடப்பாதத்தைப் புறங்கால் தரையில் படியுமாறு கிடத்தி அதன் மேல் அமர்வதும், வலப்பாதத்தை நிறுத்தி விரல்களைத் தொழும் திசையான கிப்லாவை நோக்கி மடக்குவதும் இதன் இலக்கணம். ஹனஃபி ஆண்கள் எல்லா இருப்பிலும் இவ்வாறே அமர்வர். ஷாஃபிஈ முறையிலோ கடைசி இருப்பு 'தவர்ருக்': இடப்பாதத்தை வலக்காலின் கீழே வெளித்தள்ளிப் பிட்டத்தைத் தரையில் வைப்பர். அப்போது சுமை தரைக்குப் போகிறது, இடப்பாதத்தின் வெளிவிளிம்பு மட்டும் தரையில் தேய்கிறது. ஹனஃபி பெண்கள் இரு பாதங்களையும் வலப்புறம் ஒதுக்கி அமர்வதால் அவர்களிடம் மாற்றம் தோன்றுமிடம் வேறாகும்.

இதிலிருந்து ஒரு முடிபு தானே பெறப்படுகிறது. இருப்பு இடவலம் ஒத்ததன்று. இடக்காலில் புறங்காலும் வெளிக்கணுவும் சுமக்கின்றன. வலக்காலில் விரல் நுனிகளும் விரலடி மூட்டுகளும் மடங்கிச் சுமக்கின்றன. இரு கால்களிலும் வெவ்வேறிடத்தில் மாற்றம் காணப்பட்டு, வெளிக்கணுவின் காய்ப்பு இடப்புறத்தில் மிகுந்திருந்தால், அது தொழுகையால் வந்தது என்பதற்கு அந்த இடவல வேறுபாடே நற்சான்று.

அழுத்தத்தின் அளவோடு அதன் வகையையும் கருத வேண்டும். நேராக இறங்குவது அழுத்தம். தோல் தரையோடு ஒட்டி நிற்க உள்ளிருக்கும் எலும்பு நகர்வதால் இரண்டுக்கும் இடையில் எழுவது சறுக்கு விசை. அத்தஹிய்யாத்தின் அமைதியான இருப்பில் அழுத்தம் மிகும். இருப்பிலிருந்து எழும் அந்த ஒரு கணத்தில், உடல் முன்சாய்ந்து கணு உருளும்போது, சறுக்கு விசை மிகும். எந்தத் தரையில் தொழுகிறார் என்பதும் இதில் சேரும். பத்தமடையில் லெப்பைக் குடும்பங்கள் நெய்யும் கோரைப்பாய் போன்ற பின்னல் விரிப்பு வெறுஞ்சிமிட்டித் தரையில் கிடந்தால் அதன் வரி தோலில் பதிந்து உராயும். அடர்ந்த கம்பளம் அழுத்தத்தைப் பரப்பித் தரும், ஆனால் ஒட்டிப்பிடித்துச் சறுக்கு விசையைக் கூட்டும்.

3. இடவகை

3.1 நெற்றி. எல்லோரும் அறிந்த அடையாளம் இதுவே. நடுநெற்றியில் கருமையாகவும் சற்றே தடிப்பாகவும் காணப்படும். அரபு நாடுகளில் 'ஸபீபா', உலர்ந்த திராட்சை, என்று பெயர். குர்ஆனின் 48-ஆம் அத்தியாயம் 29-ஆம் வசனம் கூறும் சஜ்தாவின் அடையாளத்தை இதனோடு இணைத்துப் பேசுவோர் உண்டு. முகத்தில் தெரியும் பணிவையே அது குறிக்கும் என்பது பழைய விரிவுரையாளர் பலரின் கொள்கை. மருத்துவ நோக்கில் நெற்றியின் மாற்றம் தீங்கற்றது. காரணம் எளிது: நீரிழிவின் நரம்புச் சிதைவு நீண்ட நரம்புகளை முதலில் பற்றும். பாதத்துக்குச் செல்லும் நரம்பே மிக நீண்டது. நெற்றியின் நரம்பு குறுகியது, குருதியோட்டமும் செழித்தது. ஆகவே அங்கே காப்புணர்வு கெடுவதில்லை. நெற்றியில் மருத்துவர் தேட வேண்டியது வேறொன்று, அதனை 7-ஆம் பிரிவில் காண்போம்.

3.2 முழங்கால். முழங்காற்சில்லின் கீழ்ப்பகுதியிலும் அதற்குக் கீழுள்ள எலும்பு முகட்டிலும் தடிப்பு தோன்றும். தோலுக்கும் எலும்புக்கும் நடுவே உராய்வைத் தணிக்கும் நீர்ப்பசையுள்ள சிறு பை ஒன்றுண்டு, அதனைத் 'தணிப்பை' என்போம். அது வீங்கினால் முழங்கால் முன்புறம் மெத்தென்று புடைக்கும். மண்டியிட்டு வேலை செய்யும் எவருக்கும் வரக்கூடியது. நீரிழிவாளரிடம் அதில் சீழ் பிடிக்கும் வாய்ப்பு கூடுதல் என்பதொன்றே இங்குச் சேர்த்துச் சொல்லத்தக்கது.

3.3 புறங்காலும் வெளிக்கணுவும். இங்குச் சற்று நின்று நோக்க வேண்டும்.

உள்ளங்காலின் மேற்தோல் ஏறத்தாழ ஒன்றரை மில்லிமீட்டர் வரை தடித்தது. அதனடியில் நார்ச்சுவர்களால் அறை அறையாகப் பிரிக்கப்பட்ட கொழுப்பு மெத்தை உண்டு. அடியெடுத்து வைக்கும்போது அவ்வறைகள் நசுங்காமல் சுமையைப் பகிர்கின்றன. புறங்காலில் இவையிரண்டும் இல்லை. மேற்தோல் மெல்லியது, அதனடியில் நாண்களும் சிரைகளும் எலும்பும். வெளிக்கணுவிலோ தோலை விரலால் நகர்த்தினால் எலும்பின் வளைவு அப்படியே தெரியும். இஃப்திராஷில் பாதம் உட்புறம் திரும்பி முழுதும் நீளும்போது, வெளிக்கணுவும் அதன் முன்னே கணுக்காலெலும்பின் முனையும் பிதுங்கி, உடலுக்கும் தரைக்கும் இடையே முளை அடித்தாற்போல் நிற்கின்றன. அவ்விரு முனைகளிலுமே காய்ப்பு விழுகிறது. ஒரு ரூபாய்க் காசளவிலிருந்து உள்ளங்கையில் பாதி வரை அகலும். நிறம் கரும்பழுப்பு, நடுவில் சாம்பல் பூத்த தடிப்பு, விளிம்பில் தோல் மெல்லமெல்ல இயல்புக்குத் திரும்பும்.

சவூதி அரேபியாவில் தொழுகையாளர் 349 பேரை ஆராய்ந்து 2002-இல் வெளியிடப்பட்ட ஆய்வு நெற்றி, முழங்கால், கணுக்கால், புறங்கால் ஆகிய இடங்களையே குறித்தது. ஆண்களிடமும் ஐம்பது வயது கடந்தோரிடமும் மாற்றம் மிகுதி என்றும் காட்டியது. நுண்ணோக்கியில் கொம்புப் படலம் இறுகித் தடித்திருந்தது, அதனடியில் மணியடுக்கு அகன்றிருந்தது, உட்தோலின் மேற்பகுதியில் நார்மையும் குருதிநாளப் பெருக்கமும் காணப்பட்டன. இவை அனைத்தும் தோல் தன்னைக் காத்துக்கொள்ளும் வினைகளே. தோல் வேலை செய்திருக்கிறது என்பதே அவற்றின் பொருள்.

நாம் கண்ட ஒருவரைப் பற்றி இங்குக் குறிப்பிடுவது பொருந்தும். அறுபதைத் தாண்டிய இரும்புக்கடைக்காரர், பதினைந்தாண்டு நீரிழிவு. வழக்கமான பாதச் சோதனைக்கு வந்து கட்டிலில் படுத்து உள்ளங்காலைக் காட்டினார். உள்ளங்கால் நன்றாகவே இருந்தது. எழுந்து கைலியைச் சரிசெய்தபோது இடக்கணுவின் வெளியே கரிய வட்டம் ஒன்று தெரிந்தது. "இது எத்தனை நாளா இருக்கு, பாய்?" என்றோம். "அது தொழுகைத் தழும்பு டாக்டர், முப்பது வருசமா இருக்கு. முன்னெல்லாம் உக்காந்தா வலிக்கும். இப்ப வலியே இல்ல, அது பாட்டுக்கு இருக்கு" என்றார். விரிப்பொன்றைத் தரையில் போட்டு, தொழுகையில் அமர்வதுபோல் அமர்ந்து காட்டச் சொன்னோம். கணு சரியாக அந்த வட்டத்தின் நடுவில் தரையைத் தொட்டது. எழுந்தபின் காய்ப்பின் நடுவே, மங்கிய கருமைக்குள் வேறொரு கருமை, உளுந்தளவில், செம்மை கலந்து தெரிந்தது. அது நிறமன்று, உள்ளே கசிந்த குருதி.

முன்பு வலித்தது, இப்போது வலியில்லை என்று அவர் ஆறுதலாகச் சொன்ன அந்தச் சொல்லில்தான் நோயின் வரலாறு முழுதும் இருக்கிறது.

3.4 வலப்பாத விரல்கள். பெருவிரலின் அடிப்பகுதியிலும் நுனியிலும் காய்ப்பு காணப்படும். மூட்டிறுக்கம் உள்ள நீரிழிவாளரிடம் விரல்கள் முழுதும் மடங்காமையால் சுமை பெருவிரல் நுனியொன்றில் குவியும். நகத்தடியில் குருதி கட்டுவதும் உண்டு.

4. நீரிழிவு சேர்க்கும் காரணங்கள்

நலமுள்ள உடலில் தொழுகைக் காய்ப்பு புண்ணாவதில்லை. வலியே அதன் காவல். கணு உறுத்தும்போது தொழுபவர் தன்னையறியாமல் சுமையை ஒரு விரற்கடை நகர்த்துகிறார். அடுத்த இருப்பில் காலைச் சற்று வேறுபடக் கிடத்துகிறார். ஆயிரம் இருப்புகளும் ஆயிரம் சிறு வேறுபாடுகளோடு நிகழ்கின்றன. காப்புணர்வு போனபின் இவ்வேறுபாடுகள் மறைகின்றன. ஒவ்வோர் இருப்பும் அதே புள்ளியில் விழுகிறது.

இவ்வுண்மை தெளிவானது தமிழ்நாட்டு மண்ணில், வேறொரு நோயின் வழியே, என்பதை நன்றியோடு குறிப்பிட வேண்டும். 1946-இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த அறுவை மருத்துவர் பால் பிராண்ட், தொழுநோயாளரின் பாதப் புண்கள் தொழுநோய்க் கிருமியால் நேரே வருவன அல்ல, உணர்விழந்த பாதம் படும் ஊறுகளால் வருவன என்று நிலைநாட்டினார். பின்னர் அமெரிக்காவின் கார்வில் நிலையத்தில் அதே அறிவை நீரிழிவுப் பாதத்துக்குக் கொண்டு சென்றார். திசு கெடும் வழிகளை அவர் பிரித்த முறை நமக்கு இன்றும் பயன்படுகிறது. சிறு அழுத்தம் நெடுநேரம் நீடித்தால் குருதி வராமல் திசு மடியும். பேரழுத்தம் ஒருமுறை பட்டால் தோல் கிழியும். இடைத்தரமான அழுத்தம் திரும்பத் திரும்பப் பட்டால் திசு அழன்று, அழற்சியின் மேலும் அதே விசை விழ, இறுதியில் உடையும். தொழுகையின் இருப்பு சில நொடிகளிலிருந்து ஓரிரு நிமிடம் வரையிலானது. ஆகவே அது முதல் வழியிலும் சேராது, இரண்டாம் வழியிலும் சேராது. மூன்றாம் வழியே அதன் வழி.

உணர்விழப்போடு மேலும் மூன்று காரணங்கள் சேர்கின்றன. ஒன்று, சர்க்கரை படிந்த புரதங்கள். நெடுநாள் மிகுந்த குருதிச் சர்க்கரை கொலாஜன் இழைகளோடு பிணைந்து அவற்றை ஒன்றோடொன்று பின்னிவிடுகிறது. தோல் விறைத்து, விசையை உள்வாங்கும் நெகிழ்வை இழக்கிறது. இரண்டு, வறட்சி. வியர்வையை ஆளும் நரம்புகள் சிதைவதால் பாதத்தோல் காய்ந்து வெடிக்கும். காய்ப்பின் விளிம்பில் விழும் வெடிப்பு கிருமிக்கு வாசல். மூன்று, குருதிக்குழாய் அடைப்பு. கணுக்கால் அழுத்தத்தைக் கையின் அழுத்தத்தால் வகுத்து வரும் எண் 0.9-க்குக் குறைந்தால் காலின் குருதியோட்டம் குன்றியதெனக் கொள்கிறோம். நீரிழிவாளரின் குழாய்ச்சுவரில் சுண்ணம் படிந்து இந்த எண் பொய்யாக உயர்வதும் உண்டு என்பதால், 1.3-க்கு மேற்பட்டால் மகிழ்வதற்கில்லை.

காய்ப்பே பின்னர் ஒரு காரணமாகிவிடுவதையும் இங்குச் சேர்க்க வேண்டும். காக்க வந்த தடிப்பு ஓரளவு கடந்ததும் செருப்புக்குள் கிடக்கும் கூழாங்கல்லாகிறது. உள்ளங்காலின் காய்ப்பைச் சீவியபின் அவ்விடத்து உச்ச அழுத்தம் சராசரியாக 26 விழுக்காடு தணிந்ததென 1992-இல் வெளியான ஆய்வொன்று அளந்து காட்டியது. புறங்காலில் மெத்தையும் இல்லை என்பதை இதனோடு எண்ணிப்பார்க்க வேண்டும்.

5. படிநிலைகள்

மருத்துவப் பயன் கருதி நாம் ஐந்து நிலைகளாகப் பகுக்கிறோம். முதல் நிலை கருமையேற்றம். இரண்டாம் நிலை வரைத்தடிப்பு. இவ்விரண்டிலும் தோலை நகர்த்தினால் நகரும். மூன்றாம் நிலை காய்ப்பு. இதுவரை நீரிழிவு இருப்பவருக்கும் இல்லாதவருக்கும் தோற்றத்தில் வேறுபாடில்லை.

நான்காவது உட்கசிவு நிலை. காய்ப்பின் அடியில் குருதி அல்லது நீர் கசிகிறது. மேலே தோல் முழுமையாகவே இருக்கும். அடையாளங்கள் மூன்று: காய்ப்பினுள் செங்கருமைப் புள்ளி, அழுத்தினால் மெத்தென்ற உணர்வு, வெப்பம். மறுகாலின் அதே இடத்தைவிட 2.2 டிகிரி செல்சியஸுக்கு மேல் வெப்பம் மிகுந்தால் உள்ளே அழற்சி உண்டெனக் கொள்வது பாத மருத்துவத்தில் ஏற்ற அளவை. கருவி இல்லாத இடத்தில் புறங்கையால் இரு கணுக்களையும் மாறிமாறித் தொட்டுப் பார்ப்பதும் பயன் தரும். இந்த நான்காம் நிலையே மருத்துவம் முழுவதன் திருப்புமுனை. இதற்கு முன் அவசரமில்லை, இதற்குப் பின் காலமில்லை.

ஐந்தாம் நிலை புண். வெளிக்கணுவில் புண் திறந்தால் எலும்பு மிக அருகில் இருக்கிறது. மழுங்கிய ஆய்வுக்கம்பி புண்ணின் அடியில் கடினமாகத் தட்டினால் எலும்பில் தொற்று பரவியதாக ஐயுற வேண்டும்.

இவ்வரிசையில் சேராத ஒரு கிளையும் உண்டு. சிலருக்குக் காய்ப்பு மிகாமல், கணுவின் மேல் தணிப்பை உருவாகி நீர் கோத்துப் புடைக்கும். சம்மணமிட்டுத் தைக்கும் தையற்காரரின் கணுவில் காணப்படுவதும் இதுவே. வலியில்லாத இப்புடைப்பை ஊசியால் குத்தி நீரெடுப்பது நீரிழிவாளரிடம் கிருமியை உள்ளே விடும் வழியாகலாம். தொற்று ஐயம் இருந்தாலன்றிச் செய்யத்தக்கதன்று.

6. துணைவகைகள்: நீரும் வெப்பமும்

6.1 ஒளுவின் நீர். ஐந்து வேளையும் கணு வரை காலைக் கழுவுவது பாதத்துக்கு நன்மையா தீமையா? இரண்டும் என்பதே நேர்மையான விடை. அந்த இரண்டையும் பிரித்துக் காட்டலாம்.

நன்மை கழுவுதலில் உள்ளது. விரலிடுக்குகளைக் கோதிக் கழுவுவது சுன்னத்து. இடக்கையின் சுண்டுவிரலை வலப்பாதச் சுண்டுவிரலிடுக்கில் கீழிருந்து நுழைத்துத் தொடங்கி, இடப்பாதச் சுண்டுவிரலிடுக்கில் முடிப்பது ஷாஃபிஈ நூல்கள் கூறும் முறை. நீரிழிவாளர் நாளுக்கொருமுறை பாதத்தைத் தொட்டுப் பார்க்க வேண்டுமென்று நாம் மன்றாடுகிறோம். இவரோ ஐந்து முறை, ஒவ்வோர் இடுக்காக, விரலால் தொடுகிறார். பாதத்தின் உணர்வு போயிருந்தாலும் கைவிரலின் உணர்வு பெரும்பாலும் எஞ்சியிருக்கும். வழுவழுப்பு, வெடிப்பு, கசிவு எதுவாயினும் அந்த விரலுக்குத் தெரியும். இதனைவிடச் சிறந்த தற்சோதனையை எந்த மருத்துவமனையும் வகுத்ததில்லை.

தீமை துடைக்காமையில் உள்ளது. ஒளு செய்யும் நீர்த்தொட்டியான ஹவ்ளிலிருந்து ஈரக்காலோடு எழுந்து நேரே கம்பளத்துக்குச் சென்றால் இடுக்குகளின் ஈரம் உலர்வதில்லை. நான்காம், ஐந்தாம் விரல்களின் இடுக்கு இயல்பிலேயே நெருக்கமானது. அங்கே தோல் வெளுத்து ஊறிப் பிளக்கும். நம் மக்கள் சேற்றுப்புண் என்பது இதனையே. பூஞ்சையும், அதன்மேல் பாக்டீரியாவும் ஏறும். புறஊதா ஒளிவிளக்கில் பவளச் சிவப்பாக ஒளிர்ந்தால் அது பூஞ்சையன்று, நீரிழிவாளரிடம் மிகுந்து காணப்படும் ஒரு பாக்டீரியத் தொற்று, மருந்தும் வேறு. இவ்விடுக்கின் பிளவிலிருந்தே கால் முழுதும் சிவந்து வீங்கும் தோலடித் தொற்று பலருக்குத் தொடங்குகிறது. ஒளுவின் நீரைத் துடைக்காமல் விடுவதே ஷாஃபிஈ நூல்களில் விரும்பப்பட்டது. ஆயினும் தேவையிருந்தால் துடைப்பதற்குத் தடையில்லை. நீரிழிவு அத்தகைய தேவையே என்பதை ஊரின் மார்க்க அறிஞரான ஆலிமின் வாயால் சொல்லக் கேட்டால் நோயாளர் தயக்கமின்றித் துடைக்கிறார். தனியே ஒரு சிறு துண்டு, விரலிடுக்கில் எண்ணெயோ களிம்போ பூசாமை, மற்றத் தோலில் யூரியா கலந்த களிம்பு அல்லது தேங்காயெண்ணெய்: இவ்வளவே வேண்டுவது.

6.2 தரையின் வெப்பம். வெள்ளிக்கிழமை ஜும்ஆவில் உள்பள்ளி நிரம்பி வெளிப்பள்ளியும் நிரம்பியபின் வருபவர் வெயிலடிக்கும் முற்றத்தில் நிற்க நேரிடும். உணர்விழந்த பாதம் சூட்டை அறியாது. மாலையில் கொப்புளம் கண்டபின்தான் அறிவார். ஹஜ்ஜில் இது பெருகுகிறது. 2024 ஜூனில் மக்காவின் வெப்பம் 51.8 டிகிரி செல்சியஸைத் தொட்டது. கஅபாவைச் சுற்றிவரும் தவாஃப் நடக்கும் வெண்சலவைத் தளம் வெயிலைத் திருப்பியனுப்பும் இயல்புடையது, அங்கே ஊறு குறைவு. செருப்பைத் தொலைத்துவிட்டு வெளியே தார்ச்சாலையில் நடப்பதே தீக்காயத்தின் வழக்கமான கதை. ஹஜ்ஜுக்குரிய இஹ்ராம் நிலையில் ஆண்கள் கணு மறையும் காலணி அணியலாகாது, செருப்பு அணியலாம். செருப்பை வாசலில் விடாமல் பையிலிட்டுத் தோளில் தொங்கவிட்டுக்கொள்ளுமாறு புறப்படும் முன்பே சொல்லியனுப்புகிறோம்.

7. வேறுபடுத்தி அறிதல்

நெற்றியில் கருமை கண்டதும் தொழுகைத் தழும்பென்று விடக்கூடாது. இன்சுலின் எதிர்ப்பால் கழுத்திலும் அக்குளிலும் தோன்றும் வெல்வெட்டுப் போன்ற கருந்தடிப்பு நெற்றியிலும் வரும். தொழுகைத் தழும்பு நடுவில் குவிந்து விளிம்புடன் நிற்கும். கருந்தடிப்போ நெற்றியின் இருபுறத்தும் பொட்டுவரை எல்லை மங்கிப் பரவும். ஐயமிருந்தால் கழுத்தின் பின்புறத்தைப் பார்த்தால் போதும். சர்க்கரை இதுவரை சோதிக்காதவருக்கு இதுவே முதல் அறிகுறியாக அமையக்கூடும்.

முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பின் மேல் பழுப்பாகச் சற்றே குழிந்த புள்ளிகள் நீரிழிவுத் தோல்நோய். அவை அழுத்தம் படும் இடத்தில் இரா. புறங்காலில் திடீரெனத் தோன்றும் தெளிநீர்க் கொப்புளம் நீரிழிவுக் கொப்புளமாகவோ, சூடுபட்டதாகவோ, உராய்வால் வந்ததாகவோ இருக்கலாம். தொழுகை இருப்பில் அவ்விடம் தரையைத் தொடுகிறதா என்று அமரச்செய்து பார்ப்பதே இவற்றைப் பிரிக்கும் எளிய வழி.

8. சோதனையும் பேணலும்

பத்து கிராம் விசையில் வளையும் நைலான் இழையால் காப்புணர்வைச் சோதிக்கும் முறை இன்று எங்கும் வழக்கிலுள்ளது. அது பெரும்பாலும் உள்ளங்காலில், பெருவிரலிலும் விரலடிகளிலும் செய்யப்படுகிறது. தொழுகையாளரிடம் அதனோடு மூன்றைச் சேர்க்க வேண்டும் என்பது நம் துணிபு. இரு வெளிக்கணுக்களையும் கண்ணால் காண்பது. இரண்டையும் தொட்டு வெப்பம் ஒப்பிடுவது. ஒருமுறையேனும் தரையில் அமரச்செய்து பார்ப்பது. மூன்றும் சேர்ந்து இரண்டு நிமிடம் ஆகாது. கைலியோ புடவையோ கணுவை மூடியிருக்கும் என்பதால் கேட்டாலன்றி இது தெரியவராது.

காய்ப்பைச் சீவுதல் பயிற்சி பெற்றவர் கையால் நிகழ வேண்டும். வீட்டில் சவரப் பிளேடால் சீவிக்கொள்வதும், கடையில் விற்கும் சாலிசிலிக் அமிலப் பிளாஸ்டரை ஒட்டுவதும் உணர்விழந்தவருக்குப் புண்ணை வருவித்துக்கொள்ளும் வழிகள். காப்புணர்வு உள்ளவருக்கு ஆண்டுக்கொருமுறை பாதச் சோதனை போதும். இழந்தவருக்கு ஆறு மாதம் முதல் ஓராண்டுக்குள், குருதியோட்டக் குறையும் சேர்ந்தால் மூன்று முதல் ஆறு மாதத்துக்குள், முன்பே புண் வந்து ஆறியவருக்கு மாதத்துக்கு ஒருமுறை முதல் மூன்று மாதத்துக்குள் மறுசோதனை வேண்டும்.

சுமை நீக்கமே உண்மையான மருந்து. இங்கு மருத்துவர் பலர் தயங்குகின்றனர், அல்லது தொழுகையைக் குறைக்கச் சொல்லி நோயாளரை இழக்கின்றனர். இரண்டும் வேண்டியதில்லை. நம் இரு மத்ஹபுகளின் சட்டநூல்களிலும் கடைசி இருப்பில் அமர்தல் கடமை. எந்த வடிவில் அமர்வது என்பது சுன்னத்து. கால்நீட்டியோ, சம்மணமிட்டோ, இயலாதவர் நாற்காலியிலோ அமர்ந்தாலும் தொழுகை நிறைவேறும். காலுறையணிந்து தொழலாம். புண்ணுக்குக் கட்டுப் போட்டவர் கட்டின் மேல் ஈரக்கையால் தடவிக்கொள்ளவும், நீர் கேடு தரும் நிலையில் நீருக்கு மாற்றாக மண்ணால் தூய்மை செய்யும் தயம்மும் செய்யவும் இடமுண்டு. அதன் முறை மத்ஹபுக்கு மத்ஹபு வேறுபடும் என்பதால் ஆலிமிடம் கேட்டுக்கொள்ளச் சொல்ல வேண்டும். இவை நாம் தேடிக் கண்டுபிடித்த சலுகைகள் அல்ல. நோயாளரின் மார்க்கம் அவருக்கு முன்பே தந்துவைத்தவை. நாற்பதாண்டுகள் ஒரே வடிவில் அமர்ந்தவருக்கு அவ்வடிவை விடுவது எளிதன்று என்பதை மட்டும் மருத்துவர் மறக்கலாகாது. முதலில் வடிவை மாற்றாமல் விரிப்பை மாற்றிப் பார்க்கலாம். தொழுகை விரிப்பான முஸல்லாவின் கீழே கணு படுமிடத்தில் வட்டமாக வெட்டியெடுத்த தடித்த நுரைமெத்தையை இட்டால், கணு குழிக்குள் இறங்கிச் சுமை சுற்றுத்தோலுக்குப் பரவும். வெட்டும் குழி காய்ப்பைவிட ஒரு விரற்கடை அகன்றிருக்க வேண்டும். இறுக்கமாக வெட்டினால் விளிம்பே புதிய அழுத்தமாகும்.

நாம் மேலே குறித்த இரும்புக்கடைக்காரருக்குக் காய்ப்பைச் சீவியபோது அடியில் பழைய குருதியும், அரிசியளவு திறந்த புண்ணும் இருந்தன. எலும்பு தட்டவில்லை. ஆறு வாரம் நாற்காலியில் தொழ ஒப்புக்கொண்டார், முதல் வரிசையில் மட்டும் நாற்காலி போடமாட்டேன் என்றார். புண் மூடியபின் நுரைமெத்தைக்கு வந்தார். ஒவ்வொரு மறுசோதனையிலும் இப்போது அவரே கைலியை விலக்கி இடக்கணுவை முன்னே நீட்டுகிறார், உள்ளங்காலை அதற்குப் பிறகுதான் காட்டுகிறார்.